விதையில்லாத் திராட்சை நம் மலையில் காய்க்குமா?

திம்புள்ளப் பகுதித் தோட்டமொன்றில், லயத்தை விட்டுத் தனிவீட்டுக்குக் குடிபோன குடும்பம் ஒன்றை நான் அறிவேன். வீட்டோடு சேர்ந்து அவர்களுக்குக் கிடைத்தது 7 பேர்ச் காணி. அடிக்கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 1,900 சதுர அடி. அதில் வீடு போக மிஞ்சியது சிறு முற்றமும் பின்புறச் சரிவும்தான். அந்த வீட்டுத் தாய், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு நாள் சம்பளத்தைக் கொடுத்து இரண்டு திராட்சைக் கன்றுகளை வாங்கி வந்து நட்டார். "விதையில்லாப் பச்சைத் திராட்சை, ஒரே வருஷத்தில் காய்க்கும்" என்று விற்றவர் சொல்லியிருந்தார்.

மூன்று வருடங்கள் சென்றன. கொடி கம்பியேறிப் பின்முற்றத்தையே மூடிற்று. ஆனால் ஒரு பூக்கூட வரவில்லை. ஆடி மழை தொடங்கியதும் இலையின் அடிப்பக்கத்தில் வெள்ளைப் பூஞ்சணம் படரும். இலைகள் கருகிக் கொட்டும். வீட்டுப் பெரியவர் ஓய்வு பெற்ற கவ்வாத்துத் தொழிலாளி. வருடந்தோறும் அவரே கொடியை மட்டம் பார்த்து, ஒரு கீறலும் சிதைவும் இன்றி வெட்டிவிடுவார். என்னிடம் அவர் சொன்ன வார்த்தை இது: "நாப்பது வருஷம் கவ்வாத்துக் கத்தி புடிச்ச கை சாமி. இந்தக் கொடிகிட்ட மட்டும் என் கத்தி செல்லலையே!"

பெரியவரின் கத்தியில் குற்றமில்லை. தேயிலையில் நமக்கு வேண்டியது இலை. திராட்சையில் வேண்டியதோ பூ. இலைக்காக வெட்டுகிற முறையில் பூவுக்காக வெட்ட முடியாது. இந்த ஒரு வேறுபாட்டை விளங்கிக்கொண்டால், நம் மலையில் திராட்சை ஏன் பொய்க்கிறது, எந்த ஏற்பாட்டோடு அது காய்க்கக்கூடும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைக்கும்.

விதை எங்கே போயிற்று?

விதையில்லாத் திராட்சை ஏதோ இரசாயனத்தால் உண்டாக்கப்பட்டது என்று பலர் நினைக்கின்றனர். அது சரியன்று. இயற்கையில் தற்செயலாகத் தோன்றிய மாற்றமே அது. இந்தக் கொடியிலும் பூ மலர்கிறது, மகரந்தம் சேர்கிறது, கருவும் உண்டாகிறது. ஆனால் சில வாரங்களில் விதையின் வளர்ச்சி நின்றுவிடுகிறது. பழத்தைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால், நாவுக்குத் தட்டுப்படாத மெல்லிய விதைச் சுவடுகளைக் காணலாம்.

கீழைநாடுகளில் சுல்தானா, கிஷ்மிஷ் என்ற பெயர்களில் இது நெடுங்காலமாகப் பயிரிடப்பட்டு வந்தது. 1872இல் கலிபோர்னியாவில் வில்லியம் தொம்சன் என்பவர் வேறொரு பெயரில் அதன் தண்டுகளை வரவழைத்து நட்டார். அவர் பெயரே நிலைத்து, உலகெங்கும் "தொம்சன் சீட்லெஸ்" ஆயிற்று. இந்தியாவில் மகாராஷ்டிரத்து விவசாயிகள் பயிரிடும் தாஸ்-ஏ-கணேஷ், சோனாகா ஆகியவையும் இதே கொடியிலிருந்து பிரிந்த வகைகளே.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியவை இரண்டு. முதலாவது, இவ்வகையை விதை போட்டு வளர்க்க இயலாது. தண்டு நட்டோ ஒட்டுக் கட்டியோதான் பெருக்க வேண்டும். ஆகவே "விதையில்லாத் திராட்சை விதை" என்று எவராவது பொட்டலம் விற்றால், சிரித்துவிட்டு நடையைக் கட்டுங்கள். இரண்டாவது, பழத்தைப் பெருக்கச் செய்யும் ஊக்கியை இயல்பாகத் தருவது விதைதான். விதை இல்லாததால் இவ்வகைப் பழம் சிறுத்தே இருக்கும். கடையில் காணும் நீண்ட பருத்த பழங்கள் ஜிபரலிக் அமிலம் என்ற ஊக்கியைத் தெளித்துப் பெறப்பட்டவை. அதை அளவும் நாளும் தவறாமல் கையாள வேண்டும். வீட்டுத் தோட்டத்துக்கு அது வேண்டாம். நம் கொடியில் சுண்டைக்காய் அளவில் பழம் வந்தால் அதுவே இயற்கை அளவு என்று மகிழலாம்.

திராட்சை விரும்பும் ஊர்கள்

யாழ்ப்பாணத்தில் இதனை முந்திரிகை என்பார்கள். வலிகாமத்துச் செம்மண்ணில் கிணற்று நீர் இறைத்துப் பந்தலிட்டுப் பயிரிடுகிறார்கள். அங்கு பெரிதும் காணப்படும் இஸ்ரேல் புளூ வகைக்கு விதை உண்டு. யாழ்ப்பாண மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையான காலத்தில் பெய்துவிடும். மற்ற மாதங்களில் வெயிலும் காற்றும்தான்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். நம் முன்னோர் பலர் புறப்பட்டு வந்த மதுரை, சேலம் மாவட்டங்களுக்கு 1832ஆம் ஆண்டளவில் கிறிஸ்தவ மறைபரப்புநர்கள் திராட்சையைக் கொண்டுவந்தார்கள். இன்று தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை பெருமளவில் விளைகிறது. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மலை மறைவிலுள்ள அந்தப் பள்ளத்தாக்கின் வெப்பத்தில் ஆண்டுக்கு இரு முறை அறுவடை செய்கிறார்கள். விதையில்லா வகைகளுக்குப் பேர் பெற்ற நாசிக், சாங்கிலி மாவட்டங்களிலும் பழம் முதிரும் காலம் மழையில்லாத காலமே.

திம்புள்ளயோ கடல் மட்டத்திலிருந்து 1,100 மீற்றருக்கு மேல் உயர்ந்த மலைப்பகுதி. தலவாக்கலைப் பக்கத்தில் ஆண்டு மழை 2,000 மி.மீ.க்கு மேல். வைகாசிக் கடைசியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால், மாதக்கணக்கில் மேகமும் மூடுபனியும்தான். தேயிலைக்கு இந்த ஈரம் உயிர். திராட்சைக்கு இதுவே பகை. இருந்தாலும் நமக்கும் ஒரு நல்ல காலம் உண்டு. தை, மாசி, பங்குனி மாதங்களில் வானம் தெளிந்து, இரவு குளிர்ந்து, வறண்ட காற்று வீசுகிறது. திம்புள்ளத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தருவது அந்தப் பருவமே. திராட்சைக்கும் அந்த மூன்று மாதங்களையே நாம் நம்ப வேண்டும்.

நனைந்த இலையே பகை

ஈரத்தோடு வருகின்ற பூஞ்சண நோய் எவ்வளவு கேடு செய்யும் என்பதற்கு நம் மலைகளே சாட்சி. இந்தச் சரிவுகளில் முதலில் இருந்தது கோப்பி. 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் அதனை அழித்தது. அந்த இடத்தில்தான் தேயிலை வந்தது.

அதே கால அளவில், 1878இல், பிரான்சின் திராட்சைத் தோட்டங்களில் அடிச்சாம்பல் நோய் புகுந்தது. வழிப்போக்கர் பழம் பறிக்காதிருக்கப் பாதையோரக் கொடிகளுக்கு விவசாயிகள் துருசும் சுண்ணாம்பும் கலந்து பூசியிருந்தனர். அந்தக் கொடிகள் மட்டும் நோயின்றிப் பசுமையாக நின்றதை மில்லார்தே என்ற பேராசிரியர் கவனித்தார். ஆராய்ந்து 1885இல் அவர் வெளியிட்ட கலவையே போர்டோ கலவை. அந்த ஆண்டில் இலங்கையின் கோப்பி ஏற்கெனவே வீழ்ந்துகொண்டிருந்தது. 1946இல் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்தபோது, கைகொடுத்தது செப்பு மருந்துதான். தோட்டத்தில் மருந்தடித்த அனுபவமுள்ளவர்களுக்கு இது புதிதல்ல.

அடிச்சாம்பல் நோயின் வித்துக்கள் இலையில் நீர் நின்றால்தான் முளைக்கும். இலையின் அடிப்புறத்து நுண்துளைகள் வழியே அவை உள்ளே நுழைகின்றன. அப்படியானால் முதல் மருந்து எது? இலையை நனைய விடாதிருப்பதே. மருந்தைத் தெளித்தாலும், நம் பெருமழையில் அது கழுவுப்பட்டுப் போகும். வாரந்தோறும் தெளிக்க வேண்டிவரும். சிறுபிள்ளைகள் விளையாடும் முற்றத்துக்கு அது தகாது.

ஆகவே கொடிக்கு மேலே கூரை அவசியம். மரக்கறித் தோட்டங்களில் கூடாரங்களுக்குப் போடும், வெயிலைத் தாங்கும் தெளிந்த பொலித்தீன் போதும். மூங்கில் அல்லது இரும்புக் குழாய்ச் சட்டத்தில் 10 அடி நீளம், 8 அடி அகலத்துக்குக் கட்டலாம். பந்தலுக்கும் கூரைக்கும் இடையில் 2 அடி வெளி இருக்கட்டும். பக்கங்களை மூடக் கூடாது, காற்று ஓடவேண்டும். பாசி பிடித்த பொலித்தீன் வெளிச்சத்தைத் தடுக்கும். ஆண்டுக்கு இரு முறையாவது கழுவுங்கள்.

கூரை எல்லாவற்றையும் தீர்க்காது என்பதையும் சொல்லவேண்டும். மாப் பூசியதுபோல் இலையின் மேற்புறத்திலும் காயிலும் படர்வது சாம்பல் நோய். அதற்கு இலையில் நீர் தேவையில்லை. கூரையின் கீழும் வரும். அடர்ந்த இலைகளைக் கிள்ளிக் காற்றோட்டம் உண்டாக்கினால் குறையும். மீறினால் நீரில் கரையும் கந்தகத் தூளைப் பொட்டலத்தில் குறித்த அளவில் தெளிக்கலாம்.

கவ்வாத்தின் இரகசியம்

இனிப் பெரியவரின் கேள்விக்கு வருவோம்.

தேயிலையைக் கவ்வாத்துச் செய்தால், மரத்தின் எந்த இடத்திலிருந்து குருத்து வந்தாலும் அது கொழுந்துதான். ஆகவே மட்டம் பார்த்து வெட்டுகிறோம். திராட்சை அப்படியன்று. இந்த வருடம் வளர்ந்த வாதின் கணுக்களில் இருக்கும் மொட்டுக்குள்ளேயே அடுத்த காய்ப்புக்கான குலை, கண்ணுக்குத் தெரியாத சிறு வடிவில் உருவாகிவிடுகிறது. அது உருவாக வெளிச்சமும் வெப்பமும் வேண்டும். மேகமூட்டத்தில் வளர்ந்த வாதின் மொட்டு பெரும்பாலும் வெறும் இலை மொட்டாகவே நின்றுவிடும்.

மேலும், தொம்சன் வகையில் வாதின் அடியிலுள்ள சில கணுக்களில் குலை இருப்பது அரிது. அது வாதின் நடுப்பகுதியில்தான் இருக்கும். பன்னீர் திராட்சை போன்ற வகைகளைக் குட்டையாக வெட்டினாலும் காய்க்கும். விதையில்லா வகையைக் குட்டையாக வெட்டினால், காய்க்கக்கூடிய மொட்டுகளையெல்லாம் வெட்டிக் குப்பையில் போட்டவர்களாவோம். பெரியவர் மூன்று வருடமும் அழகாகச் செய்தது அதைத்தான்.

வெப்பமான ஊர்களில் ஆண்டுக்கு இரண்டு கவ்வாத்துச் செய்வார்கள்: சித்திரையில் வாது வளர்க்க ஒன்று, ஐப்பசியில் காய்க்க வைக்க ஒன்று. இதை அப்படியே நாம் பின்பற்றினால், சித்திரையில் வெட்டிய பின் வளரும் வாது பருவமழை இருட்டில் மாட்டிக்கொள்ளும். ஆகவே நமக்கு ஏற்றது வருடத்துக்கு ஒரே கவ்வாத்து. அதன் வரிசை இது:

1. புரட்டாசிக் கடைசியில் அல்லது ஐப்பசித் தொடக்கத்தில் கவ்வாத்துச் செய்யுங்கள். பென்சில் பருமனுள்ள, பழுப்பு நிறமாக முற்றிய வாதுகள் நான்கைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் 8 முதல் 12 கணுக்கள் விட்டு வெட்டுங்கள். இவை காய்க்கும் வாதுகள்.

2. ஒவ்வொரு காய்க்கும் வாதுக்கும் அருகில், வேறொரு வாதை இரண்டு கணுவோடு குட்டையாக வெட்டி விடுங்கள். அடுத்த ஆண்டுக்கான வாது இதிலிருந்து வரும். மற்றவற்றை அகற்றுங்கள்.

3. மீதி இலைகளைக் கையால் உருவிவிட்டு, நீள வாதுகளை வில்போல் வளைத்துக் கம்பியில் கட்டுங்கள். நேராக விட்டால் நுனி மொட்டு மட்டுமே விழிக்கும். வளைத்தால் நடுக் கணுக்களும் விழிக்கும். பெருந்தோட்டங்களில் மொட்டு விழிக்கப் பூசும் ஹைட்ரஜன் சயனமைட் நச்சுப் பொருள். அதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

4. தை முதல் பங்குனி வரை காய் முதிரும். அதே நாட்களில், அதே வெயிலில், புதிய வாதுகளின் மொட்டுக்குள் அடுத்த ஆண்டின் குலையும் உருவாகும். ஆகவே வாதுகள் ஒன்றன்மேல் ஒன்று நிழல் விழாதபடி பரப்பிக் கட்டுங்கள்.

5. அறுவடை முடிந்ததும் கத்தியைத் தொடாதீர்கள். உலர்ந்தவற்றை மட்டும் நீக்கி, நுனிகளைக் கிள்ளிவிட்டு, வாதுகளைக் கூரையின் கீழ் மழைக்காலம் முழுவதும் காப்பாற்றுங்கள்.

உயரமும் குளிரும் தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். ஆகவே நாட்களில் சில வாரம் முன்பின் ஆகலாம். மேலே சொன்ன காரணங்களை மனதில் வைத்துக்கொண்டால், உங்கள் கொடிக்கேற்ற நாளை நீங்களே கண்டுகொள்வீர்கள்.

இடமும் மண்ணும்

நம் பகுதியில் வெயில் காலையில்தான் கிடைக்கும். பிற்பகலில் மேகம் கூடிவிடும். ஆகவே வீட்டின் கிழக்குப் புறமே சிறந்தது. மேற்குப் புறத்தில் சாரல் அடிக்கும். தகரக் கூரையின் தாழ்வாரத் தண்ணீர் விழும் இடத்தில் நடவே வேண்டாம்.

தேயிலை மண் புளிப்பு மண். திராட்சைக்குப் புளிப்பு ஆகாது. இரண்டரை அடி நீள, அகல, ஆழத்தில் குழி வெட்டி, அடியில் உடைந்த கல் போட்டுத் தண்ணீர் வடிய வழி செய்யுங்கள். எடுத்த மண்ணோடு மக்கிய மாட்டெரு, குப்பை உரம், ஆற்று மணல், 2 கிலோ அளவு டொலமைட் ஆகியவற்றைக் கலந்து நிரப்புங்கள். கவ்வாத்துக்குப் பின் தேயிலைக்குப் போடும் அதே டொலமைட்தான். ஒரு மாதம் மண் பதப்பட்ட பின் கன்றை நடுங்கள். விவசாயத் திணைக்களத்தின் பதிவு பெற்ற தவறணைகளில் வகைப் பெயரோடு கன்று வாங்குவது நல்லது. உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் முதலில் கேளுங்கள்.

முதல் வருடம் ஒரே தண்டை மட்டும் கோலில் கட்டி 5 அடி உயரத்துக்கு வளர்த்து, நுனியைக் கிள்ளி, இரண்டு கைகளாகப் பிரித்து விடுங்கள். இரண்டாம் வருடம் வாதுகள் உருவாகும். மூன்றாம் வருடத்துக்கு முன் பழம் எதிர்பார்க்க வேண்டாம். முதல் காய்ப்பில் 10 குலைக்கு மேல் விடாதீர்கள். பிஞ்சுப் பருவத்தில் குலையின் பக்கக் கிளைகளில் மூன்றுக்கு ஒன்றைக் கத்தரித்தால் மற்றவை பருக்கும். பறவைக்கும் வௌவாலுக்கும் தப்பக் குலைக்குக் கடதாசிப் பை கட்டுங்கள். திராட்சை பறித்த பின் பழுக்காது. ஆகவே குலையின் நுனிப் பழத்தைச் சுவைத்துப் பார்த்து, அது இனித்த பின்பே பறியுங்கள்.

போர்டோ கலவை தேவைப்பட்டால், 100 கிராம் துருசை 5 லீற்றர் நீரிலும், 100 கிராம் நீற்றின சுண்ணாம்பை 5 லீற்றர் நீரிலும் தனித்தனியே பிளாஸ்ரிக் வாளிகளில் கரைத்து, துருசு நீரைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்குங்கள். துருப்பிடிக்காத இரும்பு ஆணியை அதில் தோய்த்துப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அன்றே தெளித்து முடித்துவிடுங்கள். காய் முதிரும் காலத்தில் தெளிக்க வேண்டாம்.

நட முன் கணக்குப் பாருங்கள்

7 பேர்ச் காணியில் ஒவ்வொரு அடிக்கும் மதிப்பு உண்டு. கூரைக்குச் செலவு உண்டு. மூன்று ஆண்டு பொறுமையும் வேண்டும். எனவே விற்று வருமானம் பெறும் எண்ணத்தில், அதுவும் கடன் வாங்கி, நம் மலையில் திராட்சை நடவேண்டாம் என்பதே என் தாழ்மையான கருத்து. வீட்டுப் பிள்ளைகள் தின்ன ஒரு கொடி, ஒரு கூரை என்றால் தாராளமாக முயன்று பார்க்கலாம். கூரை போட வசதியில்லாதவர்கள் அந்த இடத்தில் ஊதா நிறப் பேஷன் புரூட்டோ மரத்தக்காளியோ நடட்டும். இரண்டும் மலைக் குளிருக்குப் பழகியவை, செலவும் குறைவு.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தலைமுறை தலைமுறையாகப் பிறருக்குப் பயிர் செய்த கைகளுக்கு, தமக்கென்று ஒரு துண்டுக் காணி இப்போதுதான் கிடைக்கத் தொடங்கியுள்ளது. அதில் முதலாவதாக நடுவது பொய்த்தால், போவது கன்றின் விலை மட்டுமல்ல. "நம்ம மண்ணுல என்னத்த நட்டாலும் வராது" என்ற சோர்வும் வந்து குடியேறும். மண்ணிலும் கையிலும் இல்லாத குற்றத்தை நாமே நம் தலையில் ஏற்றிக்கொள்வோம்.

அந்தக் குடும்பத்தின் கதையை முடிக்கிறேன். இரண்டு கொடிகளில் ஒன்றைப் பிடுங்கி அந்த இடத்தில் போஞ்சி போட்டார்கள். மற்றதற்கு, யாரோ கழித்துப்போட்ட கூடாரப் பொலித்தீனால் கூரை கட்டினார்கள். ஒரு வருடம் முழுவதும் பெரியவர் கத்தியைத் தொடவில்லை. அது அவருக்கு எளிதாக இருக்கவில்லை. அடுத்த ஐப்பசியில் கணு எண்ணி, நீளமாக விட்டு வெட்டினார். கொடி நட்ட ஐந்தாம் வருடப் பங்குனியில் ஏழு குலைகள் கிடைத்தன. பழம் சிறியது, சற்றுப் புளிப்பும் இருந்தது. எனக்கும் ஒரு குலை வந்தது. கொண்டுவந்த பெரியவர், "இப்பதான் சாமி இந்தக் கொடி என்ன கேக்குதுன்னு வெளங்குச்சு" என்றார்.

ஒரு செடியை நடுவதற்கு முன் அது என்ன கேட்கிறது என்று அறிந்துகொள்வோம். நம்மால் கொடுக்கக் கூடியதானால் நடுவோம். இல்லையென்றால் வேறொன்றை நடுவோம். எப்படியாயினும், கைக்கு வந்த காணியைத் தரிசாக விடாதிருப்போம்.